தண்ணீர் வற்றினாலும் எல்லை வற்றாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கோல்ஃப் கட்டுரை, பந்து தண்ணீரில் விழாதவரை கவலையில்லை என்கிறது. புதிதாக ஆட வருபவர்கள் இதை நம்பினால் மைதானத்தில் வீண் தகராறுதான் மிஞ்சும்.

குளத்தின் எல்லையைத் தண்ணீர் தீர்மானிப்பதில்லை. மஞ்சள் அல்லது சிவப்பு முளைகள் (அடையாளக் குச்சிகள்) நட்டிருந்தால், தரைமட்டத்தில் அவற்றின் வெளிப்புறத்தை இணைக்கும் நேர்கோடே எல்லை; முளைகளும் உள்ளேதான் சேர்த்தி. பெயின்ட் கோடும் போட்டிருந்தால் அதன் வெளிவிளிம்பே எல்லை, முளை வெறும் அடையாளம். பந்தின் ஒரு துளி அந்த எல்லையைத் தொட்டாலும் பந்து உள்ளே இருப்பதாகவே கணக்கு. மைதானத்துக்கே வெளியே போகும் பந்துக்கோ விதி நேர்மாறு: முழுப் பந்தும் தாண்டியிருக்க வேண்டும். அனுபவசாலிகளே இங்கு குழம்புகிறார்கள்.

2012 பிஜிஏ சாம்பியன்ஷிப் என்ற பெரிய கோல்ஃப் போட்டியின் கடைசி நாளில் ஸ்வீடன் வீரர் கார்ல் பெட்டர்சனின் பந்து முதல் குழியிலேயே இந்த எல்லைக்குள் போய்ப் புல்லில் கிடந்தது. மட்டையைப் பின்னுக்கு இழுக்கும்போது ஓர் இலை அசைந்துவிட்டது. அன்றைய விதிப்படி அதற்கு இரண்டு ஸ்ட்ரோக் (அடி) தண்டனை! தனி இரண்டாமிடம் கைநழுவி, மூன்றாமிடத்தைப் பகிர்ந்துகொண்டார். எல்லைக்கு வெளியே என்றால் அந்த இலையை அவர் கையாலேயே எடுத்துப் போட்டிருக்கலாம்.

2019 முதல் இந்த எல்லைக்கு உட்பட்ட பகுதிக்கு 'பெனால்டி ஏரியா' (தண்டனைப் பகுதி) என்று பெயர்; விதியும் தளர்ந்துவிட்டது. உள்ளே கிடக்கும் இலையை அகற்றலாம், மட்டையைத் தரையில் ஊன்றலாம். அதனால் எல்லையின் முக்கியத்துவம் குறைந்துவிடவில்லை. மண்ணில் புதைந்த பந்துக்கு உள்ளே இலவச நிவாரணம், அதாவது தண்டனையின்றிப் பந்தை எடுத்து மாற்றிக்கொள்ளும் சலுகை, கிடையாது. ஒரு ஸ்ட்ரோக்கை ஏற்று வெளியே டிராப் செய்வதென்றாலும் (பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது), பெரும்பாலும் பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்தை வைத்தே கணக்கிட வேண்டும். சிவப்பு எல்லை என்றால் அங்கிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காமல். எல்லையே தெளிவாக இல்லாதபோது அந்த இடத்தை எப்படிக் காட்டுவது?

நம் ஊர்ப் பருவநிலையில் இது இன்னும் சிக்கல். சித்திரையில் குளம் வறண்டு வெடித்துக் கிடந்தாலும் முளைகளுக்கு உட்பட்டது முழுவதும் பெனால்டி ஏரியாதான். ஐப்பசி மழையில் நீர் முளைகளைத் தாண்டி வழிந்தால், வெளியே தேங்குவது தற்காலிக நீர். அங்கே இலவச நிவாரணம் உண்டு. அதற்கும் ஒரு ஸ்ட்ரோக் சேர்த்துக்கொள்ளும் ஆட்டக்காரர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

புல் வெட்டும்போது முளையைப் பிடுங்கி, பிறகு தோன்றிய இடத்தில் நட்டுவிடும் வழக்கம் எங்கள் பக்கத்து மைதானங்களில் இருக்கிறது. பெயின்ட் கோடு இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எல்லா கிளப்புகளும் ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் கோட்டைப் புதிதாக இட வேண்டும். தாங்களும் அடுத்த இதழில் ஒரு படத்துடன் இந்த விதியை விளக்கினால், மட்டைப் பை சுமக்கும் கேடிகளுக்கும் இளம் ஆட்டக்காரர்களுக்கும் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்