பெயர் சொல்ல மறுத்த அக்காவுக்கு

என் மகளுக்குப் பிறவியிலேயே இதயத்தில் நான்கு குறைகள். 1888-இல் இந்நோயை விரிவாக எழுதிய ஃபாலோ என்ற பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நாலடி ஓடினால் உதடு நீலம் பாய்ந்துவிடும், உடனே குந்திக்கொள்வாள். அப்படிக் குந்தினால் நுரையீரலுக்குக் கொஞ்சம் கூடுதலாக இரத்தம் போகும் என்று பின்னர்தான் அறிந்தேன். யாரும் சொல்லித்தராமல் பிள்ளையின் உடம்பே கண்டுகொண்ட வழி அது.

வெளிநாட்டில் இலவச அறுவை சிகிச்சை, விசா, டிக்கெட் எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் பார்த்துக்கொண்டார்கள். விமான நிலையத்துக்கு நீங்கள் வந்தீர்கள், அவள் அளவுக்கு ஒரு கம்பளிச் சட்டையோடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது இதயத்தை நிறுத்திவைப்பார்கள் என்ற செய்திதான். மருத்துவர் சொன்னதை நம் மொழியில் சொன்னதோடு நீங்கள் விடவில்லை. ஒரு பழைய உறையின் பின்புறம் படம் வரைந்து, இயந்திரம் எப்படி இரத்தத்தை வாங்கி, உயிர்வளி ஏற்றித் திருப்பித் தரும் என்று காட்டினீர்கள். அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன்.

மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில், குழாய்களுக்கு நடுவே கிடந்த அவள் கையை மெல்லத் தூக்கி, "நகத்தைப் பாருங்கள்" என்றீர்கள். இளஞ்சிவப்பு! நான்கு வருடத்தில் நான் பார்த்திராத நிறம்.

புகைப்படம் எடுக்கவும் விடவில்லை நீங்கள். நேற்று மாடிப்படி முழுவதையும் ஒரே மூச்சில் ஏறினாள், அக்கா. நடுவில் குந்தவேயில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.