ஆலய நீர்க்குழாய்த் திருப்பணி: போல் வால்வு (ball valve) பொருத்திய வேலையின் நிறைவு அறிக்கை

பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும் எல்லாக் குடி மக்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

நமது கண்ணகை அம்மன் ஆலயத்தின் நீர்க்குழாய் வேலை முடிந்துவிட்டது. பழைய பைப்பைத் தோண்டி எடுத்தது, புதியதைப் பதித்தது, தாங்கியைக் கழுவியது எல்லாம் சொன்ன காசுக்குள் முடிந்தன. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நாங்களும் நீட்டவில்லை. கேள்வி எல்லாம் வால்வைப் பற்றித்தான். ஒரு கைபிடியைத் திருப்புகிற சாமானுக்கு இவ்வளவு காசா, இவ்வளவு நாளா என்று பொதுக்கூட்டத்தில் கேட்டீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு.

கடந்த வருடச் சடங்கில் கல்யாணக்கால் நட்ட அன்று நடந்ததை எல்லோரும் கண்டீர்கள். மலசலகூடப் பக்கம் பைப் வெடித்தது. அந்தக் கிளையை மட்டும் பூட்டலாம் என்று பழைய கேற் வால்வை, அதாவது திருகத் திருகத் தகடு இறங்கி வழியை அடைக்கும் வால்வை, திருகினால் தண்டு முறிந்து கையோடு வந்தது. அதற்கு மேலே இருந்த வால்வு திருகுப்பட்டது, ஆனால் தண்ணீர் நிற்கவில்லை. நமது கிணற்றுத் தண்ணீரோடு வரும் மணல் கேற் வால்வின் அடிப் பள்ளத்தில் தங்கிவிடும், தகடு இறங்கி உட்கார இடம் இருக்காது. கடைசியில் தாங்கியின் வாயையே அடைக்க வேண்டி வந்தது. நேர்த்திப் பொங்கல் வைக்க வந்த பெண்கள் பக்கத்து வீடுகளில் குடத்தோடு நின்றார்கள். அம்மன் வாசலில் அது இன்னொரு தடவை நடக்கக்கூடாது என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினோம்.

இப்போது போட்டிருக்கும் போல் வால்வுக்குள் துளையிட்ட உருண்டை ஒன்று இருக்கிறது. கைபிடியைக் கால்வட்டம் திருப்பினால் துளை பைப்புக்கு நேரே வரும், தண்ணீர் ஓடும். மறுபடி கால்வட்டம் திருப்பினால் உருண்டையின் மூடிய பக்கம் வழியை அடைக்கும். கைபிடி பைப்பின் நீளவாட்டில் கிடந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் பூட்டியிருக்கிறது. இருட்டிலும் தடவிப் பார்த்து அறியலாம். மடைப்பள்ளி, அன்னதான மண்டபம், கைகால் கழுவும் இடம், மலசலகூடம், பூந்தோட்டம் என்று ஒவ்வொரு கிளைக்கும் இப்போது தனி வால்வு உண்டு. ஒரு கிளை உடைந்தால் மற்றவை ஓடும்.

சரி, இந்த வேலைக்கு முதலில் அமர்த்திய ஒப்பந்தகாரர் விடயத்துக்கு வருகிறோம். ஊருக்குள் பல கதை உலாவுவதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறோம்.

வெயிலும் காற்றும் படுகிற இடங்களுக்கு, அதாவது கிணற்றடிக்கும் தாங்கியின் காலடிக்கும், 316 தரத்துக் கறல் பிடிக்காத ஸ்டீல் வால்வு, முழுத்துளை உள்ளது, அதாவது துளை பைப்பின் அகலமே இருப்பது, என்று அவருக்கு எழுத்தில் கொடுத்திருந்தோம். இதை ஆடம்பரம் என்று சொன்னவர்கள் நமது ஊர் எங்கே இருக்கிறது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. காற்றிலேயே உப்பு. 2004 டிசம்பர் 26 அன்று கிணறுகளுக்குள் கடல் ஏறியதை யாரும் மறக்கவில்லை. இப்போதும் கச்சான் காலத்தில் கூடுதலாக இறைத்தால் அடியில் கிடக்கும் உவர்நீர் மேலே வரும். உவர்நீர் பட்டால் பித்தளையில் உள்ள துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். வெளியில் உருவம் மாறாது, உள்ளே நொய்ந்துவிடும். சாதாரண 304 தரத்தில் இல்லாத மொலிப்டினம் என்ற உலோகம் 316இல் 2 முதல் 3 வீதம் சேர்க்கப்படுகிறது. உப்பு அரிப்பை அது கூடுதலாகத் தாங்குவது அதனால்தான்.

ஒப்பந்தகாரர் கொண்டுவந்த வால்வுகள் வெள்ளி போல மின்னின. ஆனால் உடம்பில் 316 என்றோ, அதன் வார்ப்பு வகைக்குரிய சி.எஃப்.8.எம் என்றோ குத்திய அடையாளம் இல்லை. புரி வெட்டிய இடத்தில் மஞ்சள் தெரிந்தது. பித்தளைக்கு மேலே பூச்சு, அவ்வளவுதான். 2 அங்குல வால்வைத் திறந்து உள்ளே பார்த்தால் துளை ஒன்றரை அங்குலம் அளவுதான் இருந்தது. பைப் 2 அங்குலம், வழி ஒன்றரை அங்குலம் என்றால் சடங்கு நாளில் எல்லாக் குழாயும் ஒன்றாகத் திறக்கும்போது கடைசிக் குழாய்க்கு என்ன போய்ச் சேரும்?

தண்ணீர் வந்தால் போதாதா, எல்லா இடத்திலும் இதைத்தானே போடுகிறேன் என்றார் அவர். விலை ஏறிவிட்டது என்றும் சொன்னார். குழுவுக்குள்ளும் இரண்டு கருத்து வந்தது. சடங்கு நெருங்குகிறது, இப்போது போடட்டும், பிறகு மாற்றலாம் என்று சிலர் சொன்னார்கள். பெரும்பான்மையினர் மறுத்தோம். ஒரு தடவை பொருத்தி, பைப்பை மூடி, மேலே மண்ணும் கல்லும் போட்ட பிறகு எந்தக் குழுவும் அதைத் தோண்டாது. திருப்பி அனுப்பினோம். அந்தத் தீர்மானம் கையெழுத்துகளோடு கூட்டக் குறிப்பில் இருக்கிறது. தனிப்பட்ட பகையால் செய்தோம் என்று பேசுகிறவர்கள் தயவுசெய்து வந்து அதை வாசிக்கட்டும்.

அதற்குள் அவருடைய ஆட்கள் நிலத்துக்குக் கீழே போட வேண்டிய பிவிசி வால்வுகளை ஒட்டியிருந்தார்கள். பசையை அள்ளிப் பூசியதில் அது உள்ளே வழிந்து ஒரு வால்வின் உருண்டையைப் பிடித்துக்கொண்டது. ஒட்டிய பசை காய ஒரு நாளாவது விட வேண்டும், அன்று மாலையே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இரண்டு குழிகளில் மூட்டுக் கசிந்தது. அவற்றை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டோம்.

முற்பணம் பற்றிய பேச்சு நீண்டது. ஆலயப் பொறுப்பாளரான வண்ணக்கர் ஐயா இருபக்கத்தையும் மண்டபத்தில் இருத்திப் பேசினார். செய்த வேலைக்குக் கூலியைக் கழித்து மீதியை அவர் திருப்பித் தந்தார். அப்புறம் வால்வுகளை மட்டக்களப்பு நகரக் கடைகளில் விலை விசாரித்து நாங்களே வாங்கினோம். பொருத்தியது நமது ஊர்ப் பிளம்பர் தம்பிமார். மதிப்பீட்டுக்கு மேல் போன காசு முழுவதும் இந்த மூன்றுக்குத்தான்: வால்வின் விலை வித்தியாசம், வெட்டி எறிந்த மூட்டுகள், இரண்டாம் தடவைக் கூலி. பற்றுச்சீட்டுகள் பொருளாளரிடம் உள்ளன. எந்த அங்கத்தவரும் பார்க்கலாம்.

எல்லாம் காய்ந்த பின்பு, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிச் சோதித்தோம். ஒரு மூட்டும் கசியவில்லை. அன்று மடைப்பள்ளி வாசலில் நின்ற எங்களுக்கு வந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியாது.

வால்வுக் குழிகளின் அடியில் ஏன் கொங்கிரீட் போடவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். மாரியில் தண்ணீர் தேங்காமல் மணலுக்குள் இறங்குவதற்காகத்தான் கல் மட்டும் பரப்பினோம்.

இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் செய்யும் குடும்பங்கள் நெல் மூட்டையாகத் தந்தன. ஆழ்கடல் போட்டுக்காரர்கள் ஒரு நாள் மீன் விற்ற காசைத் தந்தார்கள். கட்டாரிலும் சவூதியிலும் உழைக்கும் பிள்ளைகள், சுவிஸ், லண்டன், கனடாவில் இருக்கும் உறவுகள், முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பிமார், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், இடியப்பம் அவித்து விற்கும் அம்மாமார், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த அறநெறிப் பிள்ளைகள் என்று எல்லோரும் கொடுத்தார்கள். குடிவாரியாகப் பெயர்கள் மண்டபத்தின் வடக்குச் சுவரில் எழுதப்பட்டுள்ளன. பெயர் வேண்டாம் என்றவர்களின் விருப்பத்தையும் மதித்தோம். ஒரு பெயர் விடுபட்டிருந்தாலும் உடனே சொல்லுங்கள், எழுதுவோம்.

இனிப் பாவிக்கிறவர்களுக்கு. கைபிடியைச் சட்டென்று அடித்துப் பூட்டாதீர்கள். ஓடிவரும் தண்ணீர் திடீரென்று நின்றால் அதன் அடி பைப்பில் விழும், மூட்டு விடும். பாதி திறந்தும் வைக்காதீர்கள். இடுக்கால் பாயும் நீர் உருண்டையைப் பிடித்திருக்கும் வளையத்தைத் தின்றுவிடும். குறைத்து விட வேண்டுமென்றால் முனையில் உள்ள குழாயில் குறையுங்கள். மாதம் ஒரு தடவை எல்லா வால்வையும் பூட்டித் திறக்கும் பொறுப்பு மடைப்பள்ளிக் குழுவுக்கு. திருப்பாமலே கிடந்தால் இறுகிப்போகும்.

மேலதிகமாக வாங்கிய இரண்டு வால்வுகளும், பைப்பைக் கழற்றி மாட்ட உதவும் யூனியன் வளையங்களும் களஞ்சிய அறையில் உள்ளன. திறப்பு வண்ணக்கரிடம். பூந்தோட்டக் குழிக்கு மட்டும் மூடி இன்னும் வார்க்கவில்லை. அதுவரை பலகை போட்டிருக்கிறோம், பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விட வேண்டாம்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்