இரண்டாம் பருவ நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

இரண்டாம் பருவம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. விளையாட்டுப் போட்டிகளில் நம் பிள்ளைகள் உற்சாகமாகக் கலந்துகொண்டார்கள். பேச்சு, கட்டுரை, ஓவியம் என்று பரிசுகளும் வந்தன. அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. மழை விடுமுறையில் விட்டுப்போன பாடங்களை ஆசிரியர்கள் சனிக்கிழமைகளில் நடத்தி முடித்துவிட்டார்கள். அனைவருக்கும் என் பாராட்டுகள்.

அப்புறம், ஜனவரி மேடை நிகழ்ச்சிக்காக நடந்த 7ஆம் வகுப்பின் முகமூடிப் பட்டறை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

நம் தெருக்கூத்தில் பெரும்பாலும் அரிதாரமும் மரத்தில் செய்த கிரீடமும், தோளில் கட்டும் புஜக்கட்டையும்தான் ஆளை மாற்றுகின்றன. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரின் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் நரசிம்மருக்கு முகமூடி உண்டு, ஆனால் அது பூஜையில் இருப்பது. பிள்ளைகள் தொடக்கம் முதல் முடிவு வரை தாங்களே செய்து பார்க்க, மேற்கு வங்கத்துப் புருலியாவில் முகமூடி போட்டு ஆடும் சௌ ஆட்டத்தின் முகமூடியே ஏற்றது என்று ஓவிய ஆசிரியர் தேர்ந்தெடுத்தார். அங்கே குடும்பம் குடும்பமாக இந்த வேலை செய்கிறார்கள். 2018இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. களிமண், பழைய காகிதம், பசை, துணி இருந்தால் நம் வகுப்பறையிலும் செய்துவிடலாம்.

முதலில் களிமண்ணில் முகம் பிடிக்க வேண்டும். அது காய்ந்ததும் மேலே சாம்பல் தூவ வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு பிறகு கழன்று வராது. பசையில் நனைத்த காகிதத்தை எட்டு, பத்து அடுக்கு ஒட்டி, அதன்மேல் மண்ணால் மூக்கும் புருவமும் திருத்தி, குழைத்த மண்ணும் துணியும் சேர்த்துப் போர்த்தி, மரத்துண்டால் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். வெயிலில் காயவைத்து, அச்சிலிருந்து கழற்றி, கண்ணும் மூக்கும் துளைத்த பிறகுதான் வண்ணம். நடுநடுவே காயவிட வேண்டும். மழைக்காலத்தில் இந்தப் பட்டறையை வைத்தது எங்கள் கணக்குப் பிழைதான். அச்சிலிருந்து கழற்றிய பிறகும் வகுப்பறையில் ஈரம் போகவில்லை. அதனால் ஒரு வெள்ளிக்கிழமை, "காயவைத்து மட்டும் கொண்டு வாருங்கள்" என்று சொல்லி முகமூடிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

திங்கட்கிழமை வந்தவற்றில் பல, நாங்கள் கொடுத்தனுப்பியவை அல்ல. சிலவற்றில் மூக்கு எடுப்பாகிப் புருவம் வில்லாகியிருந்தது. தங்க வண்ணம் பூசி, ஜிகினா ஒட்டி வந்தவையும் உண்டு. இரண்டு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் முகமூடிகள். உள்பக்கம் தொட்டால் இன்னும் சொதசொதவென்றிருக்க, வெளியே மட்டும் அடுப்பனலில் காட்டிக் காயவைத்ததும் இருந்தது. அது மறுநாளே கோணிக்கொண்டது.

அன்று அந்த வகுப்பில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். மிக அழகான முகமூடி ஒன்று ஒரு பிள்ளையின் மேசைமேல் இருந்தது. அந்தப் பிள்ளை அதைத் தொடவே இல்லை. பக்கத்துப் பிள்ளை, வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டிருந்த தன் அசுரனை மடியில் வைத்து, விளிம்பை விரலால் நீவி நீவிப் பார்த்துக்கொண்டிருந்தது. "இது நீ செய்ததா?" என்று நான் கேட்கவில்லை. கேட்க மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். துளை போடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் இரண்டு கண்களுக்கும் உள்ள இடைவெளியை நூலால் அளந்து, பென்சிலால் குறித்திருந்தது. குறி கோணலாகத் தெரியும், ஆனால் அது அந்தப் பிள்ளையின் கண் இருக்கும் இடம். ஒரு முகமூடியில் மட்டும் வீட்டில் யாரோ அந்தக் குறியை அழித்து, பார்வைக்கு அழகாக அகட்டித் துளைத்திருக்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நடந்த பிள்ளை பெஞ்சு முனையில் மோதி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டது. பெரிய காயமில்லை. ஆனால் மேடையில் நடந்திருந்தால்?

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் செய்த முகமூடியும் கடையில் வாங்கிய முகமூடியும் ஜனவரி நிகழ்ச்சியில் மேடை ஏறாது. இதில் யாருக்கும் விதிவிலக்கு இல்லை, ஆசிரியர்களின் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான். இனி எந்த முகமூடியும் பள்ளியை விட்டு வெளியே வராது. மதிப்பெண் கேட்டு யாரும் ஓவிய ஆசிரியரிடம் பேச வேண்டாம். இந்தப் பட்டறைக்கு மதிப்பெண்ணே கிடையாது.

எந்தப் பிள்ளையும் இதற்காகத் திட்டு வாங்கக்கூடாது. யாருடைய முகமூடி எது என்று நாங்கள் பட்டியல் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டோம். களிமண் அச்சுகள் பத்திரமாக இருக்கின்றன. மூன்றாம் பருவத்தின் முதல் வாரம் தினமும் கடைசி இரண்டு பாடவேளையை இதற்கே ஒதுக்கியிருக்கிறோம். வேண்டியவர்கள் முதல் அடுக்கிலிருந்து மறுபடி ஒட்டலாம். மழையும் விட்டிருக்கும், மொட்டை மாடியில் காயவைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்தது பிள்ளைமேல் உள்ள பாசத்தில்தான் என்பது எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் முன்னால் நம் பிள்ளை குறைந்துபோகக் கூடாது என்ற தவிப்பு எல்லோருக்கும் உண்டு, எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கை உதவிதான் வேண்டாம் என்கிறேன், மற்ற உதவி நிறையத் தேவை. பழைய செய்தித்தாள், கிழிந்த பருத்தி வேட்டி கொடுத்தனுப்புங்கள். சாம்பலுக்கு நாங்கள் திண்டாடியபோது, ஒரு பாட்டி வரட்டிச் சாம்பலைச் சலித்து மஞ்சள் பையில் கட்டி, தானே பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும், பசை காய்ச்சித் தந்த அம்மாக்களுக்கும், களிமண் ஏற்றி வந்த அப்பாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

பொங்கல் முடிந்து நிகழ்ச்சி நாளைத் தெரிவிக்கிறோம். முன்வரிசை நாற்காலிகள் உங்களுக்குத்தான். அவசியம் வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்