மூன்றாம் நாள் எங்களைக் கேளுங்கள்

பிசியோதெரபிஸ்டுகளுக்கும், உடற்பயிற்சி எழுதித்தரும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம். நான் நாட்பட்ட சோர்வு நோயாளி. உங்களில் ஒருவர் என்னை டிரெட்மில்லில் பதினைந்து நிமிடம் நடக்கவைத்துவிட்டு, "பார்த்தீர்களா, உங்களால் முடிகிறதே!" என்றார். எனக்கும் மகிழ்ச்சிதான். அன்று மாலை நன்றாகவே இருந்தேன். மறுநாள் தொண்டை வலித்தது, கழுத்தில் நெறி கட்டியது. மூன்றாம் நாள் பல் துலக்கக் கை எழவில்லை. பதினோரு நாள் படுக்கை. அவருடைய குறிப்பில் அந்தப் பதினைந்து நிமிடம் மட்டுமே இருக்கிறது.

உங்கள் மேல் எனக்குக் கசப்பில்லை. மூட்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மாவை நடக்கவைத்தது உங்கள் தொழில்தான். ஆனால் எம்.இ./சி.எஃப்.எஸ். எனப்படும் நாட்பட்ட சோர்வு நோயின் கணக்கு வேறு. உழைப்புக்குப் பின் வரும் சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தலைகாட்டும். 2015இல் அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், இந்தச் சரிவு இல்லாமல் நோயை உறுதி செய்யக் கூடாது என்றது.

இரத்தமும் தாமதமாகத்தான் பேசுகிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி முடிந்து 6 மணி நேரம் கழித்து நோயாளிகளிடம் சி4ஏ என்ற நோயெதிர்ப்புப் புரதத் துண்டு கூடியிருந்தது, நலமானவர்களிடம் கூடவில்லை. 2009இல் யூட்டா பல்கலைக்கழகக் குழு 25 நிமிட மிதமான பயிற்சி கொடுத்து, 48 மணி நேரம் வரை இரத்தம் எடுத்துப் பார்த்தது. வலியையும் களைப்பையும் உணர்த்தும் மரபணுக்களோடு, ஐஎல்-10, டிஎல்ஆர்4 ஆகிய நோயெதிர்ப்பு மரபணுக்களின் இயக்கமும் நோயாளிகளின் வெள்ளணுக்களில் கூடியிருந்தது. நோயெதிர்ப்பு அணுக்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் சைட்டோகைன் புரதங்களின் அளவுகள் மட்டும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. ஆகவே இதைப் படித்துவிட்டு எங்களுக்குப் புதிதாக இரத்தப் பரிசோதனை எழுதிவிடாதீர்கள்; ஏற்கெனவே ஒரு பை நிறைய வைத்திருக்கிறோம்.

"பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டினால் சரியாகிவிடும்" என்பதற்கு 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, இந்த நோய்க்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட பேஸ் ஆய்வைக் காட்டுவீர்கள். 641 பேர் பங்கேற்ற ஆய்வு அது. அதில் சேர, உடல் இயக்க மதிப்பெண் (கூடக் கூட நலம்) 100க்கு 65 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். 2013இல் குணமடைந்தோரைக் கணக்கிட்டபோது, அதே மதிப்பெண்ணுக்கு வைத்த வரம்பு 60! உள்ளே வரும்போது இருந்ததைவிடச் சரிந்தாலும் அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2021 அக்டோபரில், இந்த நோய்க்கு அப்படிக் கூட்டிக்கொண்டே போகும் பயிற்சித் திட்டத்தைத் தரக் கூடாது என்று எழுதிவிட்டது.

நான் கேட்பது சிறிய காரியம். எங்களைப் போன்றவர்களை எதையாவது செய்யவைத்தால், மூன்றாம் நாள் ஒரு முறை தொலைபேசியில் அழையுங்கள். அன்று நாங்கள் சொல்வதையும் அதே குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள். காலை பதினோரு மணிக்கு மேல் என்றால் நல்லது. அதற்கு முன் எனக்குப் பேசத் தெம்பிருக்காது.

இப்படிக்கு,
படுத்தபடியே இதை நான்கு நாட்களில் எழுதி முடித்த ஒரு நோயாளி