வீண் வழக்குகள்: சட்டம் இருந்தும் பயனில்லை

ஐயா,

தோற்றுப்போன விஷயத்துக்காகவே மறுபடி மறுபடி கோர்ட் படி ஏறுகிறவர்களுக்கு ஆயுள் முழுக்கத் தடை போட வேண்டும் என்று ஒரு வாசகர் இப்பகுதியில் எழுதியிருந்தார். மயிலாடுதுறையில் வக்கீல் குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். அதற்கென்று ஒரு சட்டம் 1949 முதலே நம்மிடம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்கிற அளவுக்கு மூர்க்கமானது அல்ல.

சென்னை மாகாணமாக இருந்தபோது இயற்றப்பட்ட வீண் வழக்குத் தடுப்புச் சட்டம் அது. ஒருவர் வழக்கமாகவே, நியாயமான காரணமும் இல்லாமல், தொல்லை வழக்குகள் தொடுத்து வருகிறார் என்று உயர் நீதிமன்றம் திருப்தியடைய வேண்டும். அவர் தரப்பையும் கேட்க வேண்டும். உத்தரவு வந்த பிறகும் அவர் வழக்கே போட முடியாது என்பதில்லை. சென்னை நகரமானால் உயர் நீதிமன்றத்திடம், வெளியூரானால் மாவட்ட நீதிபதியிடம் முன் அனுமதி பெற வேண்டும். முகாந்திரம் இருந்தால்தான் அனுமதி. ஆந்திர வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அறுபதுகளிலேயே இச்சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஆகவே எண்ணிக்கை அளவுகோல் அல்ல. எங்கள் பக்கம் வாய்க்கால் புறம்போக்கு ஆக்கிரமிப்பை எதிர்த்து ஓயாமல் மனுப்போடும் பெரியவர் ஒருவர் உண்டு. அவரைக் கண்டாலே கோர்ட் ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு சர்வே எண், வேறு ஆக்கிரமிப்பு. பல மனுக்களில் ஜெயித்தும் இருக்கிறார். அவரை முடக்கினால் யார் மகிழ்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொருவர், காலஞ்சென்ற அண்ணனின் மனைவி மேல் பொதுச்சுவர் பற்றி உறுத்துக்கட்டளை, அதாவது கோர்ட் தடை உத்தரவு, கேட்டார். தள்ளுபடி. அப்பீலும் தள்ளுபடி. அதே சுவரில் தன் உரிமையைக் கோர்ட் அறிவிக்க வேண்டும் என்று விளம்புகை கேட்டு அடுத்த வழக்கு. அதுவும் போன பிறகு மகன் பெயரில் ஒன்று. இடையில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தனிப்புகார், கோர்ட் உத்தரவை நிறைவேற்ற வரும் அமீனா மேலேயே ஒரு புகார். சம்மன் வந்தால் போகாமல் இருக்க முடியுமா? ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும். அந்த அம்மாள் நடவு வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு வாய்தா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். 'இது முன்பே தீர்ப்பான விஷயம்' என்று சொல்வதற்கும் வக்கீல் வைத்துத்தானே ஆக வேண்டும்? பொய் வழக்கு என்று நிரூபித்தாலும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் 35-ஏ பிரிவின்படி கிடைக்கும் இழப்பீட்டுச் செலவு அதிகபட்சம் 3,000 ரூபாய். அதைக் கேட்டு வாங்கவும் ஒரு வாய்தா ஆகும்.

1949-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிப்பட்ட ஆளுக்காகத்தான். ஆனால் அந்த அம்மாளால் அதைத் தொட முடியாது. அட்வகேட் ஜெனரல் மனுச் செய்தால்தான் உயர் நீதிமன்றம் விசாரிக்கும். மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரான அவருக்கு மயிலாடுதுறைச் சுவர்த் தகராறு எப்படித் தெரியவரும்?

நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2005-இல் தனது 192-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது வரும்போது வரட்டும். நம் சட்டசபை 1949 சட்டத்தில் யார் மனுச் செய்யலாம் என்கிற அந்த ஒரு பிரிவையாவது திருத்தலாம். தள்ளுபடியான வழக்குகளின் பட்டியலோடு மாவட்ட நீதிபதியே உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை அனுப்பலாம். பாதிக்கப்பட்டவரும் உயர் நீதிமன்ற அனுமதியோடு மனுச் செய்யலாம் என்று ஆக்க வேண்டும். மகன், மைத்துனன் பெயரில் வரும் வழக்குகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு கெஜட்டில் வந்த மறுநாளே மைத்துனன் பிராதோடு வந்து நிற்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா,
மயிலாடுதுறை.