ஆயிக்கு, கும்பகோணத்திலிருந்து

ஆயி,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. ஐப்பசி அடைமழையில் அரசலாறு கலங்கலாக ஓடுகிறது.

உன் நீர்வண்ணப் பெட்டியைத் திறந்து பார்த்தாயா? இந்தக் காற்றில் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பூத்துவிடும். பூத்திருந்தால் மேல்தோலைத் துடைத்து எடுத்துவிட்டு, ஒரு பகல் முழுக்க ஃபேன் காற்றில் திறந்து வை. டியூபிலிருந்து வண்ணம் நிரப்பும்போது பெட்டியின் சின்னக் கிண்ணத்தில் பாதி மட்டும் போட்டு, குச்சியால் கிளறிக் குமிழியை எடு. ஓரிரு நாள் காய்ந்தபின் மீதியைப் போடு. ஒரேயடியாக நிரப்பினால் மேலே காய்ந்து உள்ளே கொழகொழவென்று இருக்கும், பிறகு வெடித்துக் கழன்று விழும். ஆறு வண்ணம் போதும். கோபுரத்து நிழலுக்குக் கறுப்பைத் தொடாதே. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா செம்பழுப்பும் கலந்து வரும் சாம்பல் நிறம்தான் கல்லுக்குப் பொருந்தும்.

நாலு மாதமாக ஒரு படமும் வரவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே பத்து நிமிடத்தில் ஒரு பக்கம் முடிப்பவள் நீ. உன் பொற்றாமரைக் குளம் அத்தை வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதன்முன் நின்றுவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அப்படிப்பட்ட கையைச் சும்மா வைத்திருக்கலாமா?

மழை நாளில் தெருவில் வண்ணம் போடாதே. தாள் காயவே காயாது. அரைகுறை ஈரத்தில் அடுத்த பூச்சு வைத்தால் ஓரம் பூப்பூவாகப் படரும். கோடு மட்டும் அங்கே போடு, வெளிச்சம் வரும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி, மீதியை அறையில் வைத்து முடி. ஆபீஸ் ஜெல் பேனா வேண்டாம், தண்ணீர் பட்டால் ஓடும். தண்ணீரில் கரையாத மைப்பேனா, 0.3 மி.மீ. முனை. அதையும் சில நிமிடம் காயவிட்டுத்தான் தூரிகை. வெயிலடித்தால் தாளை நிழலில் வை. வெயிலில் வெள்ளைத் தாள் கண் கூசும், வண்ணத்தை அடர்த்தியாகப் போட்டுவிடுவாய், வீட்டில் பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

சாரங்கபாணி கோயில் வாசல் படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதுதான் நீ கடைசியாக அனுப்பியது. கோபுரத்தின் பதினொரு நிலையும் மேலே போகப் போகக் குறுகுவதை அளவு பிசகாமல் பிடித்திருந்தாய். அப்போது நான் அதைப் பாராட்டிச் சொல்லவில்லை. ‘நிற்கிறவர்கள் தலையெல்லாம் ஒரே கோட்டில் வரவேண்டும், உனக்கு ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கிறது’ என்று மட்டும் எழுதினேன். போன வாரம் அங்கே போய், நீ உட்கார்ந்த இடத்தில், பூக்காரம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். கண்மட்டம் இரண்டரை அடி. எட்ட இருப்பவர்கள், கிட்ட இருப்பவர்கள் எல்லாருக்கும் அந்தக் கண்மட்டக் கோடு தொடையில்தான் வெட்டுகிறது. கிட்ட நிற்பவர் தலை உயர்ந்து போகிறது, எட்ட நிற்பவர் தலை இறங்கி வருகிறது. நீ போட்டது அப்படியே சரி. நின்று பார்ப்பவன் கணக்கை உட்கார்ந்து வரைந்த படத்துக்குப் போட்டுப் பார்த்தது என் தப்பு. சின்ன வயதிலிருந்தே உன் படத்தில் முதலில் பிழையைத்தான் தேடியிருக்கிறேன் ஆயி.

அந்தத் தாளைக் கிழித்துவிடவில்லையே?

300 ஜிஎஸ்எம் தடிமனான காட்டன் தாளை ஐந்துக்கு எட்டு அங்குலமாக வெட்டி, பன்னிரண்டு அனுப்பியிருக்கிறேன். காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு கிளிப்பும் உள்ளே இருக்கிறது. பெட்டியை ஈரத்தோடு மூடாதே.

அப்பா