திண்ணையில் வந்த பூ

ஆசிரியருக்கு,

பணி நேரம் முடிந்தபின் வரும் அலுவலக அழைப்புகளை மறுக்கும் உரிமை பற்றிய தலையங்கம் படித்தேன். பிரான்ஸில் 2017 முதல் நடைமுறையில் உள்ளதுதான், இங்கும் வரட்டும். ஆனால் ஓய்வில் வேலையை நினைப்பதே கெடுதல் என்பதுபோல் எழுதியிருப்பது சரியல்ல. தானாக வரும் யோசனை வேறு, தலையில் ஏற்றப்படும் கவலை வேறு.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையில், கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவை ஊற்றுவது என் வேலை. பட்டறையில் ஒரு வாரம் மல்லுக்கட்டியும் வராத பூ டிசைன், வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தபோது பிடிபட்டது. "நாளைக்கு லோடு ரெடியா?" என்று இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் வந்த நாள்களிலோ தூக்கம் போனதுதான் மிச்சம். இரவு ஏழுக்கு மேல் குழுவில் எதையும் போடுவதில்லை என்று, சட்டம் வரும்வரை காத்திராமல், முதலாளிகளே முடிவெடுக்கலாம்.

– வாசகர், ஆத்தங்குடி